வைத்தவள் கூப்பிடட்டும்

எங்கள் வீட்டு இன்டர்நெட் ரவுட்டரில் மூன்று விளக்குகள். முதலாவது கரண்ட் இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, வெளியிலிருந்து லைன் வந்துவிட்டது என்று சொல்லும். மூன்றாவது எரிந்தால்தான் வீட்டுக்குள் யாருக்கும் ஏதாவது கிடைக்கும். மூன்றும் பச்சையாக இருக்கும்வரை நான் மனுஷி. ஒன்று அணைந்தாலும் என் பக்கத்தில் யாரும் வரக்கூடாது. அணைந்தால் மறுபடி மூன்றும் வர முழுசாக இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷங்களில் நான் திட்டியதை எல்லாம் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம்.

என் பிழைப்பு அதை நம்பி இருக்கிறது. மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதில் பிழை திருத்துகிறவள் நான். உலகத்தில் யாருமே படிக்காததை உட்கார்ந்து இரண்டு முறை படிக்கிறேன். 'தலைசுற்றல் வரலாம், தூக்கம் வரலாம்' என்று மத்தியானம் பூராவும் படித்துப் படித்து, மாத்திரை போடாமலேயே எனக்கு இரண்டும் வரும். வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜைமேல் ஏறி, கீபோர்டு வரை வந்து நிற்கும். மாடியில் டேங்குக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் எங்கேயோ கேட்கும். அந்த அரைத் தூக்கத்தில் அலமாரிமேல் இருக்கும் மூன்று விளக்குகள் முப்பதாகி, முந்நூறாகி, சுவர் முழுக்கப் பரவும்.

அது அப்பாவின் சுவர். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். நானும் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவோம். பலகை நிறைய ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டி விளக்கு. விளக்கு எரிந்தால் அப்பா ஒயரை எடுத்துச் சொருகி, "லைன்ல இருங்க" என்பார். கனவில் அந்தப் பலகைக்கு முடிவே இருக்காது. கூரை இல்லாத அறையில் அது மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். அக்கா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்காவது அவள் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று திரும்புவேன். கண் முழித்தால், சனியன், ரவுட்டர் அணைந்திருக்கும்.

அக்காவும் நானும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

எங்கள் வீட்டில் போனுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. அப்பா போட்டவை. சொல்லாமல் போனை வைக்கக் கூடாது என்பது முதல் சட்டம். 'வைக்கிறேன்' என்று சொல்லி, எதிர்ப்பக்கம் 'சரி, வை' என்று சொன்ன பிறகுதான் வைக்கலாம். சொல்லாமல் வைப்பது மூஞ்சியில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பார். அப்படியே கோபத்தில் யாராவது படக்கென்று வைத்துவிட்டால், வைத்தவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். எதிராளி எக்காரணத்தைக் கொண்டும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் வைத்தவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும். ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போயிருந்த அக்காவிடம் சண்டை போட்டு நான் போனை வைத்துவிட்டேன். அப்பா என்னை முக்காலிமேல் ஏற்றி நிறுத்தி, மறுபடி நம்பரைச் சுழற்ற வைத்த பிறகுதான் சோறு போட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. அழுதுகொண்டே 'சாரி' சொன்னேன். அக்கா அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போனது இதே வீட்டில். அக்கா இருப்பது இரண்டு விமானம் மாறி வரவேண்டிய தூரத்தில். பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுவிட்டதால் அவளால் வரவே முடியவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் சுடுகாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பிய மத்தியானம், இன்டர்நெட் வழியாகக் கூப்பிட்டாள். நான் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா கடைசியா என்னைக் கேட்டாராடி?"

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் சொன்னேனோ தெரியாது. சொல்லி முடித்து, "கேட்டியாக்கா?" என்றேன். கண்ணைத் திறந்தால் திரையில் 'அழைப்பு முடிந்தது' என்று இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவள் பாட்டுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டாளே. அதுவும் அப்பாவைப் பற்றிய பேச்சில், அதுவும் அப்பாவின் பெண். போனைக் கட்டில்மேல் வீசினேன். வைத்தவள் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாகி, மாதம் வருஷமாகி, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யாருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். ஒரு மெசேஜ் போட்டால் என்ன, குறைந்தா போய்விடுவாய் என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். வைத்தது அவள்தானே என்றேன். ரெண்டும் ஒரே அச்சு, இதில் நான் தலையிட்டால் என் தலைதான் உருளும் என்று ஒதுங்கிவிட்டார்.

ரவுட்டருக்கு நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. உயரத்தில் வைத்தோம், தாழ்வாக வைத்தோம். கொம்புகளை இப்படியும் அப்படியும் திருப்பினோம். தட்டினோம், ஊதினோம். மூன்று ரவுட்டர் மாற்றியாகிவிட்டது, வந்தது எல்லாமே ஒரே ரகம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சொல்லாமல் கொள்ளாமல் அணையும். போன சனிக்கிழமை மருந்துக் காகிதம் ஒன்று பாதி அனுப்பும்போது போயே போய்விட்டது. கம்பெனிக்குப் போன் போட்டு, நான் கத்திய கத்தலில் அன்றைக்கே ஆளை அனுப்பினார்கள்.

வந்தது ஒரு பெண். தோளில் ஏணி, இடுப்பில் கருவிப் பை. வந்ததும் என்னை "அக்கா" என்றாள். என்னை யாராவது அக்கா என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும், நான் வீட்டுக்குச் சின்னவள். இருந்தாலும் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், லைனைப் பார்த்தாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்குக் கோபம் ஏறியது. எல்லாம் சரியாக இருந்தால் உன்னை எதற்குக் கூப்பிடுகிறேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போது பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மூன்று விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

அவள் டீயைக் கீழே வைத்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டார் சுவிட்சை அணைத்தாள். இரண்டு நிமிஷம் பொறுத்து விளக்குகள் வந்தன. திரும்பப் போட்டாள். மூன்றும் போயின.

"டேங்க் காலியாகி மோட்டார் தானா ஓடுதுல்ல, அப்போ கரண்ட்டை ஒரு இழு இழுக்குதுக்கா. அந்த நொடியில இது செத்துப் பொழைக்குது. வயரிங் பழசு, வீட்டுல எங்க சொருகினாலும் இதே கதைதான்."

நடுவில் ஒரு சின்ன பேட்டரி வைத்தால் சரியாகிவிடும், செவ்வாய்க்கிழமை கொண்டு வருகிறேன் என்றாள். அதுவரை மோட்டார் ஓடும்போது முக்கியமாக எதையும் பேசாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்தாள்.

அவள் போன பிறகு நான் வேலையில் உட்கார்ந்தேன். வெயில் கீபோர்டு வரை வந்தது. மேலே டேங்கில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போலக் கண் செருகியது. அப்பாவின் பலகை, முடிவில்லாத விளக்குகள், பெஞ்சில் காலாட்டும் அக்கா, எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கனவு வரும்போதெல்லாம் அது கூடவே வருகிறது, எக்ஸ்சேஞ்சின் சத்தம் என்றே நினைத்திருந்தேன். எக்ஸ்சேஞ்சில் அப்படி ஒரு சத்தம் கிடையாது. அது எங்கள் மோட்டார்.

நான் விழித்து உட்கார்ந்தேன். அப்பா போன அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் வந்து வரிசையாகக் குளித்தார்கள். டேங்க் காலியாகாமல் என்ன செய்யும்? நான் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அப்பாவைப் பற்றிச் சொன்னேனே, அப்போது சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வார்த்தையிலிருந்தே அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் சொன்னேன்.

அக்கா வைக்கவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போகவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள், உடனே லைன் போய்விட்டது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவளும் அப்பாவின் பெண்தானே, வைத்தவள் கூப்பிடட்டும் என்று அவளும் உட்கார்ந்திருக்கிறாள். என் கோபத்தை நாலு வருஷமாக ஆசையாக வளர்த்தேன். அதில் பாதி நேரம் அவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. அப்பா அவளைக் கேட்டாரா இல்லையா என்றே தெரியாமல் ஒருத்தி நாலு வருஷம் இருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க எனக்குத் தெம்பு இல்லை. அன்று அங்கே நேரம் தோதுப்படவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே சாயங்காலமாக இருக்கும் நேரம் பார்த்து, முதலில் மோட்டார் சுவிட்சை அணைத்தேன். மூன்று விளக்குகளும் பச்சை. அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன். அப்பாவின் சட்டப்படி நான் கூப்பிடக் கூடாது. முக்காலியில் ஏறி நின்ற ஏழு வயதுக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆறாவது மணியில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான் வைக்கலக்கா."

"நானும் வைக்கலடி" என்றாள்.

மோட்டார் கதையைச் சொன்னேன். முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது. நாலு வருஷமும் அவள் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அப்பா அவளைக் கேட்கவே இல்லை, அதைச் சொல்ல மனசு வராமல் தங்கச்சி போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தாளாம். வந்து பார்க்காத பெண்ணை எதற்குக் கேட்பார் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாளாம்.

இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நினைவு தடுமாறிய கடைசி இரண்டு நாள் அப்பா எக்ஸ்சேஞ்சில்தான் இருந்தார். போர்வை நுனியை ஒயர் மாதிரி பிடித்து, என் உள்ளங்கையில் சொருகிச் சொருகிப் பார்த்தார். யார் பக்கத்தில் வந்து பேசினாலும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"'பெரியவ லைன்ல இருக்கா, யாரும் வெச்சுடாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. அதுதான் கடைசியாப் பேசினது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விளக்குகள் மூன்றும் எரிந்துகொண்டுதான் இருந்தன. அதனால் எனக்குப் பயம் வரவில்லை. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்று நானும் அழுதேன். ஜன்னல் வெயில் நாற்காலிக் காலைத் தொட்டது. வீடு முழுக்க அப்படி ஓர் அமைதி, அந்தப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. இப்போது திரும்பினால் அவள் முகம் தெரியும் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் குளியலறைக் கதவு தடதடவென்று இடிபட்டது. தண்ணீர் நின்றுபோச்சு என்று என் வீட்டுக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். கேட்காத மாதிரி இருந்தேன். மறுபடி இடித்தார்.

என்ன சத்தம் என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். டேங்க் காலி, உன் தங்கச்சி புருஷன் தலை நிறைய சோப்பு நுரையோடு நிற்கிறார் என்றேன். மோட்டாரைப் போட வேண்டியதுதானே என்றாள்.

"போட்டா நீ போயிடுவே."

அவள் சிரித்தாள். முக்காலிமேல் நான் நின்றபோது சிரித்தாளே, அதே சிரிப்பு.

"பாவம்டி அவரு, போடு. லைன் போனா நான் கூப்பிடுறேன்."

"வெச்சவதானே கூப்பிடணும்?"

"நீயும் உன் சட்டமும். போடுடி."

வைக்கிறேன் என்றேன். சரி, வை என்றாள். சுவிட்சைப் போட்டேன். சுவருக்குப் பின்னால் மோட்டார் உறுமியது, மூன்று விளக்குகளும் அணைந்தன, குளியலறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தபடி நின்றேன். முதல் விளக்கு வந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை.

அதற்குள் போன் அடித்தது. இன்டர்நெட் இல்லாத சாதாரண லைனில் கூப்பிட்டிருந்தாள். நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு இரண்டு நிமிஷம் பொறுக்க முடியவில்லை.