ஏழாவது பாட்டு

கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சுருளிராஜன் மாதம் தவறாமல் 'சுருளி ஹிட்ஸ்' வெளியிடுவார். ஊரில் அந்த மாதம் ஓடுகிற ஐம்பது பாட்டு. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாள் ஏற்றும் ஜீப் டிரைவர்கள் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தால், பழசை அழித்துப் புதுசை ஏற்றித் தருவார். கடை போஸ்டரில் எந்தப் பாடகர் படமும் இருக்காது. கூலிங் கிளாஸ் போட்ட சுருளிராஜன் இருப்பார். இந்தப் பாட்டை ஏன் தூக்கினீர்கள் என்று யாராவது கேட்டால் கையை விரித்துவிடுவார்.

"நான் யாருப்பா முடிவு பண்ண? சனங்க முடிவு பண்றாக, நான் தொகுக்குறேன்."

இந்தத் தன்னடக்கத் திலகம் நூறாவது தொகுப்பில் ஒரு காரியம் செய்தார். தானே எழுதித் தானே பாடி, தேனியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் குரலைச் சீவிச் சிங்காரித்த பாட்டொன்றை, 'எஸ்.ஆர்.' என்ற பெயரில் ஏழாவதாகச் செருகிவிட்டார். முன்னும் பின்னும் ஊரே முணுமுணுக்கும் பாட்டுகள். பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்பது அவர் கணக்கு. இருபது வருஷத்து ஆசை அது. நாலு பேர் முணுமுணுத்துவிட்டால் போதும், கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவார். மனைவி அனுசுயாவிடம் பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். அவள் பாட்டைக் கேட்டாள். பெட்டியை எடுக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், எஸ்டேட்டில் ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, விடியற்காலையில் டிரைவர் நாகராஜின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் சுருளிப்பட்டிப் பெண்கள் பன்னிரண்டு பேர். முதல் பாட்டுக்குக் கைதட்டினார்கள். மூன்றாவதைக் கூடவே பாடினார்கள். ஆறாவதுக்கு மலையம்மாள் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினாள்.

ஏழாவது ஆரம்பித்தது. சட்டென்று அமைதி. கண்ணாடியில் பார்த்தார். பன்னிரண்டு பேரும் இடுப்பிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாகராஜ் சத்தத்தைக் குறைத்தான். பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் பேசினார்கள். பிள்ளை சாப்பிட்டதா, மோட்டாரை நிறுத்தியாச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா. எட்டாவது பாட்டு வந்ததும் போன்களெல்லாம் இடுப்புக்குத் திரும்பின.

நாகராஜே விளக்கினான். "மலையேறிட்டா டவர் போயிரும்ணே. முன்னெல்லாம் பாட்ட விட்டுப்புட்டு யாரும் பேச மாட்டாக, மேல போயி முழிச்சுக்கிட்டு நிப்பாக. இந்தப் பாட்டக் கேக்காம விட்டா ஒரு நட்டமும் இல்ல பாருங்க. பெரிய உபகாரம்."

சுருளிராஜனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த மாதமே பாட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் நாள் ஜீப் கடைவாசலில் வந்து நின்றது. மலையம்மாள் இறங்கி, ஏழாவது பாட்டு எங்கே என்றாள். நல்ல பாட்டு ஒன்றைத்தானே அங்கே வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

"அதான் தப்பு. அஞ்சு நிமிசம் வீட்டுக்குப் பேச முடியல. பத்து வண்டிப் பொம்பளையாளுகளும் அந்தப் பாட்டுத்தான் வேணுங்கிறாக. சனங்க முடிவு பண்ணியாச்சு, நீங்க தொகுங்கண்ணே."

இப்போது நூற்றுப் பதினோராவது தொகுப்பு ஓடுகிறது. எத்தனையோ ஹிட்டுகள் வந்து போய்விட்டன, திரும்பி வந்த எஸ்.ஆர். பாட்டு மட்டும் ஏழாம் இடத்தை விட்டு அசையவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பாட்டைத் தெரியாதவர் இல்லை. அதில் ஒரு வரி தெரிந்தவரும் இல்லை.