எல்லாம் உள்ளேயே

என் கணவருக்கு நிரல் எழுதும் வேலை. என் அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்பா தானே பார்வை சோதித்து, தானே லென்ஸ் பொருத்திக் கொடுப்பார். யாருக்கு என்ன பவர், எந்த ஃபிரேம், எப்போது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அட்டைகளில் எழுதி இழுப்பறைக்குள் கிடக்கும். ஒரு அட்டையை உருவினால் நாலு அட்டை காலடியில் விழும். "இதுக்கு நான் ஒரு சாஃப்ட்வேர் பண்ணித் தரேன் மாமா" என்று இவர்தான் வாயைக் கொடுத்தார். சொன்னபடி செய்தும் கொடுத்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எழுதியது பைத்தானில். அதை ஓட்ட வேண்டுமானால் கடைக் கணினியிலும் பைத்தான் இருக்க வேண்டும், அதற்குத் துணையாக இன்னும் பல சாமான்கள் இருக்க வேண்டும். அதையெல்லாம் அப்பாவைக் கொண்டு நிறுவ வைப்பதற்குள் இவருக்குத் தலை நரைத்துவிடும். ஆகவே மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டி ஒரே எக்ஸி ஃபைலாக ஆக்கினார்.

"நான் எழுதினது, அதைப் படிச்சு ஓட்டற பைத்தான், படம், எழுத்துரு எல்லாம் உள்ளேயே இருக்கு மாமா. நீங்க எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். இந்த ஐகானைத் தட்டினா போதும்."

"எல்லாம் உள்ளயே இருக்கா?" அப்பாவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. மூக்குத் தாங்கி மாற்ற வந்தவர்களைக்கூட உட்கார வைத்து, "எங்க மாப்பிள்ளை பண்ணது, எல்லாம் உள்ளயே இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஆனால் இப்படி ஒரே ஃபைலாகக் கட்டியதற்கு ஒரு குணம் உண்டு. தட்டியதும் திறக்காது. கட்டியதையெல்லாம் முதலில் கணினியின் ஏதோ ஒரு மூலையில் பிரித்துப் பரப்பிவிட்டு, அப்புறம்தான் முகம் காட்டும். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அப்பாவால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியாது. ஒரு முறை தட்டுவார், வராது. மறுபடி தட்டுவார். பிறகு எரிச்சலில் தட்டுவார். தட்டிய தட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்து நிற்கும். உடனே இவருக்கு ஃபோன் வரும்.

"மாப்ளே, மறுபடியும் நிறைய வந்து நிக்குது. இதுல எதுல எழுதறது?"

இவர் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது ஃபோன் வரும். குளிக்கும்போது வரும். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அடித்தது. திரையை எட்டிப் பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன்: "எடுங்க, தொணதொணா கூப்பிடுது." இவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்று முதல் என் அப்பா எங்கள் வீட்டில் தொணதொணா ஆகிவிட்டார். தொணதொணாவுக்கு பிரிண்டர் ஓடவில்லையாம், தொணதொணா மவுஸைத் தொலைத்துவிட்டதாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பேசிச் சிரித்தோம். அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் யோசிக்கவே இல்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, வந்து விழுந்தது.

இவர் கடைசியில் அதற்கும் ஒரு வழி செய்தார். ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் அடுத்ததைத் திறக்க விடாமல் தடுக்கிற ஒரு சின்னப் பகுதியை எழுதிச் சேர்த்தார். நிரலில் இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். என்ன பெயர் என்பது எழுதுகிறவர் இஷ்டம், தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். இவர் என்ன பெயர் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. மறுபடி மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, இனிமேல் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் ஃபோன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"மாப்ளே, இன்னிக்குத் திறக்கவே மாட்டேங்குது. ஒரு பெட்டி வந்து இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது."

"என்ன போட்டிருக்கு மாமா? படிங்க பாக்கலாம்."

அப்பா சிரித்தார். "ஊரையே உக்கார வச்சு படிங்க படிங்கன்னு சொல்றவன் நான். நீங்க என்னையே படிக்கச் சொல்றீங்க. சரி, டீச்சர் ஒருத்தங்க கண்ணாடிக்குக் காத்துட்டிருக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க, எதைப் படிக்கணும்?"

"லைன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும். பக்கத்துல 'இன்'னு இருக்கும். அதுக்கப்புறம் என்ன பேர் இருக்கு?" பென்சிலும் கையுமாகக் கேட்டார் இவர். தான் வைத்த பெயர் தனக்கே மறந்துபோயிருந்தது.

"வார்த்தையா வாய்ல நுழையல மாப்ளே. எழுத்தெழுத்தா சொல்றேன், எழுதிக்கோங்க."

சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை மற்றவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பாரோ அப்படியே, நிறுத்தி நிறுத்தி, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார். "டி. ஹெச். ஓ. என். ஏ."

இவருடைய பென்சில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"மறுபடியும் டி. ஹெச். ஓ."

எனக்கும் புரிந்துவிட்டது. கையில் இருந்த கீரையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். "போதும் மாமா, தெரிஞ்சிடுச்சு" என்று இவர் பாய்ந்து ஃபோனை எடுத்தார். எடுத்த பதற்றத்தில் விரல் மியூட்டில் பட்டுவிட்டது. இவர் கத்தியது எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் ஒரு எழுத்து விடாமல் வந்துகொண்டிருந்தது.

"என். ஏ. அவ்வளவுதான். எழுதிட்டீங்களா? மாப்ளே? கேக்கலையா? சரி, முதல்லேர்ந்து சொல்றேன்."

முதலில் இருந்து சொன்னார். பாதியில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது. டீச்சராக இருக்க வேண்டும்.

"சார், அது இங்கிலீஷே இல்ல. தொணதொணான்னு தமிழ்ல எழுதியிருக்கு." அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். "யாரைச் சொல்லுதாம்?"

கடைக் கதவின் மணி அடித்தது, யாரோ உள்ளே வந்தார்கள் போலிருக்கிறது.

"அது கம்ப்யூட்டர்ல வைக்கற பேருங்க" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. பிறகு ஃபோனில், "சரி மாப்ளே, நீங்க சாவகாசமா பாருங்க. நான் அட்டையிலயே எழுதிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் இவர்மேல் பாய்ந்தேன். "பேர் வைக்க உங்களுக்கு உலகத்துல வேற வார்த்தையே கிடைக்கலையா?"

"கட்டி மூடினதுக்கப்புறம் யார் உள்ள பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். ஒழுங்கா ஓடற வரைக்கும் அந்தப் பேர் வெளியவே வராது. ஓடாம விழுந்தாத்தான், எங்க விழுந்தோம்னு அதுவே பேரைச் சொல்லிடும்." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வார்த்தை நீ சொன்னதுதானே."

இவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அன்றைக்கே இவர் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டு, "நான்தான் மாமா விளையாட்டுக்கு வச்சேன், மன்னிச்சிடுங்க" என்றார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான்தான்பா அப்படிச் சொன்னேன் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. நல்ல மகள் என்ற பேரைக் காப்பாற்றிக்கொள்ள அதை அப்படியே விழுங்கிவிட்டு, என்னைக் கட்டினவரை முன்னால் தள்ளிவிட்டேன். அப்பா, "அட, இதெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க" என்றார். இவர் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

ஒன்று திறந்திருக்கிறது என்ற குறிப்பை அந்தப் பகுதி எழுதி வைக்கிற இடத்தில் எழுதக் கணினி அனுமதிக்காததுதான் கோளாறு. இவர் அதைச் சரி செய்து, சாதுவான ஓர் ஆங்கிலப் பெயரை வைத்து, மறுபடி கட்டி அனுப்பினார். ஓடுகிறது என்று அப்பாவிடமிருந்து பதில் வந்தது. அதோடு ஃபோன் நின்றது. கூட்டத்தில் வரவில்லை, சாப்பாட்டு நேரத்தில் வரவில்லை. இவர் சாப்பிடும்போது ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிடுவோம்.

பொறுக்க முடியாமல், என் கண்ணாடியில் திருகு ஆடுகிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கடைக்குப் போய், அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடையில் ஒரு பெரியவர் நிலைக்கண்ணாடி முன் நின்று ஃபிரேம்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவருடைய விவரத்தைத் தேடுவதற்காக ஐகானைத் தட்டினார். தட்டிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். வகுப்பில் திட்டு வாங்கிய பையன் மாதிரி கை கட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "இன்னொரு தட்டு தட்டினா ஒண்ணும் ஆகாதுப்பா. அதான் சரி பண்ணிட்டாரே."

"வேணாம்மா, வரும். உள்ள எல்லாத்தையும் பிரிச்சு வைக்கணும்ல."

மேசையில் கையால் எழுதிய பில்கள் கிடந்தன. பிரிண்டர்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்.

"பிரிண்டர் ஓடலையா? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேப்பா."

"அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு." என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். சின்னத் திருப்புளியால் திருகை முடுக்கத் தொடங்கினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அதுவும் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு, மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னு. பாவம், ரெண்டு தடவை மன்னிப்பு கேட்டுட்டார். அவர் மேல என்ன தப்பு?"

"இல்லப்பா, அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

அப்பா திருகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த ஸ்டூல்லதான் உக்காருவ. இது என்னப்பா, அது ஏம்பான்னு கடை சாத்தற வரைக்கும் வாய் ஓயாது. உங்கம்மாவுக்குத் தலைவலி வந்துடும். 'ஏய் தொணதொணா, இங்க வா'ன்னு நான் கூப்பிட்டா ஓடி வருவ." லென்ஸைத் துணியால் துடைத்தார். "அது நம்ம மூணு பேருக்கு மட்டும் தெரிஞ்ச பேரு. உங்கம்மாவும் போயிட்டா. மாப்பிள்ளைக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் செல்லமாத்தான் கூப்பிட்டேன்" என்றார் அப்பா.

கணினியில் இவர் எழுதிய சாஃப்ட்வேரின் ஜன்னல் திறந்துகொண்டது. ஒன்றே ஒன்றுதான் திறந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, இரண்டு காதுப் பக்கமும் சரி செய்து, கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பது போலக் கேட்டார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுதுப்பா" என்றேன், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு.