மஞ்சள் பூசாத ஆடு

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பசு கோமளா பொங்கலை மோந்துகூடப் பார்க்கவில்லை. இலையை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பொங்கலோ பொங்கல்" என்று கூவிக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே அடங்கிப் போனார்கள்.

யுத்தகாலம். டப்பாப் பால் கண்ணில் படாது. என்னிடமும் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை விஜயலக்ஷ்மிக்கு ஆகாரம் என்றால் கோமளாவின் பால்தான். அதுவும் அந்த வாரம் பாதியாகக் குறைந்திருந்தது.

என் அகத்துக்காரர் சந்திரமௌலி துறைமுகத்தில் குமாஸ்தா. ஆபீஸில் ஒரு கடுதாசிக்கு நாலு காப்பி எடுக்கிறவர், வீட்டில் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: திருஷ்டி. கொம்புக்கும் நெற்றிக்கும் பூசியிருந்த மஞ்சள் போதாதென்று, இன்னும் அரைக்கச் சொல்லி வால் நுனிவரை தன் கையாலேயே அப்பினார். நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் வேறு கட்டினார். மறுநாள் கோமளாவின் மூக்கு வெடித்துத் தோல் உரிந்தது. இன்னொரு கோட் மஞ்சள் பூசினார்.

அப்போதுதான் நூர் நிஷா வந்தாள். செம்பூர் அன்று பாதி குன்று, பாதி புதர். மேட்டில் எங்களைப் போல மாதுங்கா வாடகைக்குப் பயந்து ஓடிவந்த பாலக்காட்டுக் குடும்பங்கள் நாலைந்து. பள்ளத்தில் தகரப் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவின் வீடு. அவர் பெண்டாட்டிதான் நூர் நிஷா. கடையநல்லூர்க்காரி. அவள் ஆடுகளும் என் மாடும் ஒரே பொட்டலில்தான் மேய்ந்தன. இருக்கிற புல்லுக்காக எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை நடக்காத வாரம் கிடையாது.

அன்று சண்டைக்கு வரவில்லை. ஒரு வெள்ளாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கும் தீனி இறங்கவில்லையாம். காதுத் தோல் உரிந்து தொங்கியது. கண்ணின் வெள்ளை மாம்பழ மஞ்சளாகப் பழுத்திருந்தது. திருஷ்டி என்று இவர் சொல்வதை நானும் வெட்கமில்லாமல் ஒப்பித்தேன். அவள் ஆட்டைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

"ஒங்க மாட்டுக்கு மஞ்ச பூசியிருக்கீய, மாமி. எங்க ஆட்டுக்கு யாரு பூசுனா?"

எனக்குச் சுரீரென்றது. குடத்துத் தண்ணீரைக் கோமளாவின் தலையில் கொட்டித் தேய்த்தேன். இவர் பூசியதெல்லாம் ஓடிப் போயிற்று. கண்ணிலும் ஈறிலும் இருந்த மஞ்சள் மட்டும் போகவில்லை. இத்தனை நாள் காமாலையை அலங்காரத்துக்குள் ஒளித்து வைத்து ஆரத்தி எடுத்திருக்கிறோம்.

ரெண்டு பேருமாக யோசித்தோம். வீட்டோடு கட்டிக் கிடந்த அவளுடைய இன்னொரு ஆட்டுக்கு ஒன்றுமில்லை. பொட்டலில் மேய்ந்ததுகளுக்குத்தான் வியாதி. போய்ப் பார்த்தால், புல் எங்கே இருக்கிறது? எங்கு திரும்பினாலும் உண்ணிச்செடி, சிவப்பும் மஞ்சளுமாகச் சிரித்துக்கொண்டு. பசிக்கு அதன் விஷத் தழையைக் கடித்திருக்கின்றன வாயில்லா ஜீவன்கள்.

இதைச் செம்பூருக்குக் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை. குடிவந்த வருஷம் மாதுங்காவில் ஒரு பங்களா வேலியிலிருந்து கொம்பு ஒடித்து வந்து, பூ அழகாக இருக்கிறது, மாடும் வாய் வைக்காது என்று எங்கள் கொல்லையைச் சுற்றி நட்டவர் என் அகத்துக்காரர். பழத்தைக் குருவி தின்று பொட்டல் முழுக்க விதைத்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். எங்கள் வேலி மாட்டையே மேயப் பார்த்தது.

கோமளாவின் கறுப்புத் தோல் நன்றாக இருந்தது, வெள்ளைத் திட்டுகள்தான் வெடித்திருந்தன. அப்படியானால் விஷம் ஏறிய உடம்பை வெயில்தான் சுடுகிறது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய கூடம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் மாட்டைக் கட்டினேன். பக்கத்திலேயே ஆட்டையும் கட்டச் சொன்னேன். ஆபீஸிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கூடத்துல ஆடா, பாகீரதி?"

"நீங்க நட்டதுதான் கட்ட வெச்சுது," என்றேன். அவர் ஆட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

விளக்கெண்ணெயும் கரித்தூள் கரைத்த கஞ்சியுமாக இருவரும் மாறி மாறிப் புகட்டினோம். குழந்தைக்கு நூர் நிஷா தன் நல்ல ஆட்டின் பாலைக் காலையும் மாலையும் கறந்து தந்தாள். ஒரு விடியற்காலை கோமளா என் முந்தானையைப் பிடித்து மென்றது. நல்ல புடவைதான், போகட்டும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அப்புறம் கடப்பாரையை இவர் கையில் கொடுத்தேன். வெட்டினால் அந்தச் சனியன் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். மேட்டுக்காரர்களும் பள்ளத்துக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறங்கினோம். கை கொப்புளித்தும் கடைசிவரை குனிந்து தோண்டியவர் இவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை வந்தபோது பொட்டல் முழுக்கப் புல்.

அடுத்த பொங்கலுக்கு விறகு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. எங்களுக்கென்ன, காய்ந்த உண்ணி வேர் மலையாகக் குவிந்திருந்தது. அதை எரித்தே பானை பொங்கிற்று. கிண்ணத்தில் மஞ்சளோடு வந்த இவரைக் கையமர்த்தி, கோமளாவின் இமையை விலக்கிப் பார்த்தேன். பால் வெள்ளை. பிறகுதான் பூச விட்டேன். கோமளா பொங்கலோடு இலையையும் சேர்த்துத் தின்றது.

கூச்சல் கேட்டு நூர் நிஷா, பிழைத்துத் தேறிய அந்த ஆட்டோடு வந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னாள்:

"போன வருசம் அதுவாப் பூசிக்கிட்டுது. இந்த வருசம் நீங்க பூசுங்க, சாமி."

இவர் ஆட்டின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் அதன் கண்ணைப் பார்த்தார்.