பின்படிக்கட்டு

விடுதியில் நூற்றுப் பன்னிரண்டு அறைகள். எந்தக் கட்டிலில் விரிப்பு சுருங்கியிருக்கிறது, எந்தக் குளியலறைக் கண்ணாடியில் சோப்புத் துளி காய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் வாசலில் நின்றபடியே சூப்பர்வைசரம்மாவின் கண்ணில் பட்டுவிடும். அறை கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்து, பத்தொன்பது வருடத்தில் பதினான்கு பெண்களை மேய்க்கிற இடத்துக்கு வந்தவள். அந்தப் பெண்கள் வைத்த பெயர்தான் சூப்பர்வைசரம்மா. கணவரும் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்து, பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பதிலுக்கு அவள் அவரை லிஃப்ட்காரர் என்பாள்.

விடுதியில் தங்க வருகிறவர்கள் அடுத்த தெருவில் இருக்கும் மர வியாபாரி வீட்டைப் பற்றி அடிக்கடி விசாரித்தார்கள். நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய வீடு. அந்தக் காலத்துக் குடும்பம் அன்றாடம் எப்படிப் புழங்கியது என்று காட்டுவதற்காக, தட்டுமுட்டுச் சாமான்களோடு அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போவாள், உள்ளே போனதில்லை. பார்க்காத இடத்துக்கு எப்படி வழி சொல்வீர்கள் என்று மேனேஜர் இரண்டு அனுமதிச் சீட்டைக் கையில் திணித்தார். லீவு நாளிலுமா என்று லிஃப்ட்காரர் முனகினார். அன்று மதியம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதாகத் திட்டம் போட்டிருந்தார். முனகிக்கொண்டேதான் சட்டை மாட்டினார்.

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்தோடு இவர்களையும் சேர்த்துவிட்டார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தண்ணீர் பட்ட பாடாக எல்லாவற்றையும் ஒப்பித்தாள். இது சாப்பாட்டு அறை, இது ஐயா கணக்கர்களைச் சந்தித்த அறை, இது அம்மா கடிதம் எழுதிய மேசை. சூப்பர்வைசரம்மா மேசையின் அடிப்பக்கம் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். லிஃப்ட்காரர் அவள் முழங்கையைத் தட்டி, இது உன் விடுதி இல்லை என்று ஞாபகப்படுத்தினார்.

இரண்டாம் மாடியில் பெரிய படுக்கையறை. கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. விரிப்பை ஒரு பக்கம் மடித்துச் செருகி, மறுபக்கம் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். கட்டிலுக்கு எதிரே ஒரு தகரத் தொட்டி. ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஐயா இதில் சுடுதண்ணீர் நிரப்பிச் சுகமாகக் குளிப்பார் என்றாள் வழிகாட்டி. வீட்டு வேலைக்கு ஒரே ஒரு பணிப்பெண் இருந்தாளாம். குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. தூசி தட்டுவது, தேநீர் கொடுப்பது போன்ற லேசான வேலைகளாம்.

சூப்பர்வைசரம்மா கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, தண்ணி எங்க இருந்து வரும்?"

கொல்லையில் அடிகுழாய் இருக்கிறது, அடுப்படியில் காய்ச்சிக் கொண்டுவருவார்கள் என்றாள் வழிகாட்டி.

"சரி. குளிச்ச தண்ணி எப்படி வெளிய போகும்?"

வழிகாட்டி தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் லிஃப்ட்காரர் கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தொட்டியில் ஓட்டையே இல்லை என்று அறிவித்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏறின தண்ணீர் இறங்கித்தானே ஆகவேண்டும், மொண்டு மொண்டு வாளியில் கீழே கொண்டுபோயிருப்பாள் என்றாள் சூப்பர்வைசரம்மா. அவள் யாரையும் மட்டம் தட்டக் கேட்கவில்லை. வேலை எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்குக் கொடுத்த குறிப்பில் அது இல்லை என்று சொல்லிவிட்டு வழிகாட்டி அடுத்த அறைக்கு நடந்தாள். முகம் சிவந்திருந்தது.

வாயைக் கொடுத்து அந்தப் பெண்ணைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று சூப்பர்வைசரம்மாவுக்கு உறுத்தியது. பிறகு அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு படுக்கையறை. ஒவ்வொன்றிலும் முகம் கழுவ ஒரு கூஜா, ஒரு பாத்திரம். கட்டிலுக்கு அடியில், ராத்திரி ஒன்றுக்குப் போக மூடி போட்ட சட்டி. காலையும் மாலையும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நடை. குளிக்கிற நாளில் தொட்டிக்கு மட்டும் எட்டு வாளியாவது வேண்டும். ஏற்ற எட்டு, இறக்க எட்டு.

சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது வழிகாட்டியே அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, நீங்க கேட்டதுக்கு எனக்கு நிஜமாவே பதில் தெரியல. உள்ள சார் இருக்காரு. வாங்க, கேட்டுப் பாக்கலாம்."

சார் என்றது காப்பாட்சியரை. அந்த வீட்டையும் அதிலிருந்த சாமான்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. ஒல்லியான மனிதர், மேசை கொள்ளாமல் காகிதம். பணிப்பெண்ணைப் பற்றி எழுத்தில் இருப்பது ஒரே ஒரு வரிதான் என்றார். வீட்டு அம்மா தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதன் நகலைத் தேடி எடுத்துப் படித்தார்: புதிதாக வந்த பெண் நல்லவள், படி ஏறும்போது சத்தமே கேட்பதில்லை.

சூப்பர்வைசரம்மா நகலை வாங்கி அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தாள்.

"சத்தம் வராம ஏறணும்னா மெதுவா ஏறணும் சார். மெதுவா ஏறினா கை இன்னும் அதிகமா வலிக்கும். வாளி கனம் அவ்வளவு நேரம் கையில நிக்குதுல்ல."

காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடமாக அந்தக் கடிதத்தைப் படிக்கிறார். அந்த வரியை அவர் பாராட்டாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எந்தப் படிக்கட்டில் ஏறினாள் என்று சூப்பர்வைசரம்மா கேட்டாள். முன்பக்கத்து அகலப் படிக்கட்டு குடும்பத்துக்கு. பணிப்பெண்ணுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு, பூட்டிக் கிடக்கிறது, அடுத்த மாதம் தச்சர் வந்து பழுது பார்க்கப்போகிறார் என்றார் அவர். சொல்லிக்கொண்டே இழுப்பறையில் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அந்தக் காலத்து அளவில் செய்துவைத்த இரும்பு வாளி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் பிடித்தார்கள். லிஃப்ட்காரர் தான் தூக்குவதாகச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க தூக்கினா எப்படித் தெரியும்?" என்று வாளியை வாங்கிக்கொண்டாள்.

படிக்கட்டு ஒரு ஆள் அகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வலது கையில் வாளி, இடது தோள் சுவரோடு. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னாலேயே லிஃப்ட்காரர் எண்ணிக்கொண்டு வந்தார். பத்தாவது படியில் கைப்பிடிக் கம்பி விரலை அறுக்க ஆரம்பித்தது. பதினைந்தில் மூச்சு வாங்கியது. இருபத்து மூன்றாவது படியில் படிக்கட்டு வளைகிறது. அங்கே ஒரு சின்னப் பலகைத் தளம். வாளியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். விரலை உதறிக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

வாளி இருந்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று. அதற்கு அடியில், பலகையிலேயே ஊறிப்போன கறுப்பு வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து, இருபது, எண்ண முடியாது. எல்லாம் அதே அளவு.

காப்பாட்சியர் மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். கூரை ஒழுகி மரம் உளுத்துவிட்டது என்று நினைத்தார்களாம். அந்தப் பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிது போடும்படி தச்சரிடம் சொல்லியிருந்தாராம்.

"இங்கதான் வெப்பா," என்றாள் சூப்பர்வைசரம்மா. "இதுக்கு மேல ஒரு படிகூட முடியாது."

அவள் அழவில்லை. யாரோ முன்பின் தெரியாதவள், தன்னைப் போலவே கை மாற்றிக்கொள்ள நின்ற இடத்தில் தானும் நிற்கிறோம் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தாள். சேர்ந்த புதிதில் விடுதியின் ஐந்தாம் மாடிக்குத் துணி மூட்டை தூக்கியதும், மூன்றாம் மாடி ஜன்னல் திண்டில் அதை இறக்கி வைத்ததும் நினைவுக்கு வந்தன. அந்த ஜன்னலை யார் கேட்டாலும் அவளால் காட்ட முடியும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நாப்பத்தொரு படி," என்றார் லிஃப்ட்காரர், மேலே போய் எண்ணிவிட்டு வந்து. "இவ்வளவு லோடு ஏத்தினா எங்க லிஃப்ட்டே கதவைச் சாத்தாது, மணி அடிக்கும்."

"அவளால அடிக்க முடியாதுல்ல," என்றாள்.

அன்று சாயங்காலமே காப்பாட்சியர் தச்சருக்குப் போன் போட்டு வேலையை நிறுத்திவைத்தார். அடுத்த இரண்டு லீவு நாளும் சூப்பர்வைசரம்மா அந்த வீட்டுக்குப் போனாள். வழிகாட்டியும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து, பணிப்பெண்ணின் ஒரு நாளைக் காலையிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். எந்த வேலை எதற்கு முந்தி நடக்கும், எது எவ்வளவு நேரம் பிடிக்கும், ஈரத் துணி எங்கே காயும், விளக்குக் கண்ணாடியை எப்போது துடைத்திருப்பாள். வழிகாட்டி சந்தேகம் கேட்டபோதெல்லாம் இருவரும் எழுந்துபோய்ச் செய்து பார்த்தார்கள். வழிகாட்டி முதல் தடவை வாளி தூக்கியபோது பாதி தண்ணீர் படியிலேயே போய்விட்டது.

பழைய குறிப்பில் இருந்த 'குடும்பத்தில் ஒருத்தி மாதிரி' என்ற வரியை அடித்துவிடலாமா என்று வழிகாட்டி கேட்டாள்.

"அது உண்மையா பொய்யான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"எங்க மேனேஜரும் மீட்டிங்ல நாம எல்லாம் ஒரே குடும்பம்னுதான் சொல்றாரு. சில நாள் உண்மை, சில நாள் இல்ல. தெரியாததை எதுக்குச் சொல்லணும்? தெரிஞ்சதைச் சொல்லு."

வழிகாட்டி அந்த வரியை அடித்தாள். போகிற போக்கில் சூப்பர்வைசரம்மா கயிற்றைத் தாண்டிப் போய்க் கட்டில் விரிப்பைச் சரியாகச் செருகினாள். காப்பாட்சியர் பார்த்தும் பார்க்காதவர் போல நின்றார்.

பின்படிக்கட்டைப் பார்வைக்குத் திறந்த அன்று விடுதியில் கல்யாணக் கூட்டம். நூற்றுப் பன்னிரண்டும் நிறைந்திருந்தது. அவளால் நகர முடியவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் போனார். வீடு திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தார். வளைவுப் பலகைக்கு மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வழிகாட்டி இப்போது ஒப்பிப்பதில்லை, பேசுகிறாள். வருகிறவர்கள் தூக்கிப் பார்க்க வாளி வைத்திருக்கிறார்கள், வரிசை நிற்கிறது. கோட்டுப் போட்ட ஒருவர் பந்தாவாகத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஒன்பதாவது படியிலேயே வைத்துவிட்டார்.

அவள் காலை வெந்நீரில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படியில தண்ணி சிந்தியிருக்குமே. யாராவது தொடச்சாங்களா?"

லிஃப்ட்காரர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"நான்தான் தொடச்சேன்," என்றார். "ஓரத்துல எல்லாம் நல்லாவே தொடச்சேன்."