மரம் உதைக்குமா?

1

ஓமலூர்ச் சந்தைக்கு எருமை வாங்கப் போனேன். எருமை அமையவில்லை. அதை விற்க வந்த சடையன், இளவயதில் மலாயாவில் வேலை பார்த்த கதையைச் சும்மாவே கொடுத்துவிட்டார். கதை உதைக்காது என்று நம்பி ஓட்டிவந்தேன்.

2

தொடக்கம்: 'கரிய கடலின் மேல் அந்தக் கப்பல் ஒரு பெருமூச்சைப் போல—'

(வேண்டாம். நான் கடலையே பார்த்ததில்லை.)

மறு தொடக்கம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஆள் சேர்க்க வந்த கங்காணி, "பால் எடுக்கற வேலைடா" என்றான். எருமைகளோடு வளர்ந்த சடையனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாற்று வேட்டியோடு அணைகயிற்றையும் சுருட்டிக்கொண்டான்.

(அணைகயிறு: கறக்கும்போது உதைக்காமலிருக்க மாட்டின் பின்னங்கால்களைக் கட்டுவது. தெரிந்தவர்கள் மன்னிக்க.)

3

போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக ரப்பர் மரம். மரத்தைக் கீறி வடிப்பதற்குத்தான் அங்கே பால் என்று பெயர். கயிறும் கையுமாக நின்றவனைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது. எடப்பாடிப் பக்கத்து அத்தாயி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்:

"ஏனுங்க, இந்த மரம் ஒதைக்குமுங்களா?"

"பழகுன மரம் ஒதைக்காது" என்றான் சடையன், அழுதுவிடாமலிருக்க.

அப்புறம்தான் அவள் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரே விசாரிப்பு: "இன்னைக்கு எந்த மரமுங்க ஒதைச்சுது?"

(இவளை நான் கொஞ்சம் அதிகமாகவே நல்லவளாக்கிவிட்டேனோ? மறுசந்தையில் சடையனிடம் படித்துக் காட்டினேன். "கொறச்சலாத்தானுங்க எழுதியிருக்கீங்க" என்றார்.)

4

சில வருஷத்தில் ரப்பர் விலை விழுந்தது. சடையனை ஊருக்குப் போகச் சொன்னார்கள்; அத்தாயியை இருக்கச் சொன்னார்கள். அவனுடைய தகரப்பெட்டிக்குப் பூட்டில்லை. அத்தாயி அணைகயிற்றால் அதைக் கட்டினாள். முடிச்சு இறுக, ஒரு முனையை அவன் பிடிக்க வேண்டியிருந்தது. 'நீயும் வா.' அவன் சொல்ல வேண்டியது இரண்டே சொல்.

முடிவு ஒன்று: சொன்னான், வந்தாள். (சடையன் சந்தைக்குத் தனியாகத்தான் வருகிறார். ஆனால் சந்தைக்கு யார்தான் பெண்டாட்டியோடு வருகிறார்கள்?)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. (எழுதிவிட்டு, பொறுக்காமல் நானே அடித்தேன்.)

கடைசியில் அவரையே கேட்டேன். எருமையின் காலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எம்பட வாயில வராததுங்க அது. உங்க பேனாவுலயாச்சும் வருதான்னு பாருங்க சாமி."

5

பார்க்கிறேன். லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. கயிற்றின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். சடையன் வாய் திறக்கிறான்:

"அத்தாயி, நீயும்—"

பேனா உதைக்கிறது. வாசகரே, இப்படி வந்து இந்தக் காலைக் கொஞ்சம் பிடியுங்கள்.