ஒரு முழு நிமிஷம்

நர்ஸ் படிப்பை முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்த நாளில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு மாதத்தில், பதினான்கு நேர்காணல்களில், அந்த மிதப்பு மொத்தமும் இறங்கிவிட்டது. எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான். "அனுபவம் இருக்கா?" இல்லை என்றால், "அனுபவத்தோட வாங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அனுபவம் என்ன மருந்துக்கடையில் விற்கிறதா, சீட்டைக் காட்டி வாங்கி வர? ஒரு மருத்துவமனையில் உயரம் பத்தாது என்றார்கள், ஏதோ ஒட்டடை அடிக்க ஆள் எடுப்பது போல. இன்னொன்றில் வேலை இருக்கிறது, ஆனால் வரவேற்பு மேஜையில் போன் எடுக்கும் வேலை, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதால் நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தபாலில் அனுப்பிய விண்ணப்பங்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

கூடப் படித்தவர்கள் அவளை 'நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் வந்த கதை கொஞ்சம் மானக்கேடானது.

நர்ஸ்களிடம் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது, நாடி விரலுக்குத் தட்டுப்படும். மூச்சுக்கு மட்டும் நர்ஸின் கண்ணும் கைக்கடிகாரமும்தான். மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் நின்று எண்ண வேண்டும். இருபது நோயாளிகள் இருக்கும் வார்டில் ஒரு நிமிஷம் சும்மா நிற்க யாருக்கு நேரம்? ஆள் தெம்பாக இருந்தால் பதினெட்டு, கொஞ்சம் வாடியிருந்தால் இருபது என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அவளும் அப்படித்தான் போட்டாள், இரண்டாம் வருஷம் படிக்கும்போது. ஒரு நாள் வரிசையாகப் பதினெட்டு, பதினெட்டு என்று எழுதிக்கொண்டே போனவள், ஒன்பதாம் கட்டிலுக்கும் பதினெட்டு போட்டாள். ஒன்பதாம் கட்டில்காரர் அப்போது எக்ஸ்ரே எடுக்கக் கீழே போயிருந்தார். மறுநாள் வகுப்பில் அந்த அட்டையை உரக்கப் படித்துவிட்டு, "நம்ம ஆஸ்பத்திரி மெத்தை நிமிஷத்துக்குப் பதினெட்டு தடவை மூச்சு விடுது" என்றார் ஆசிரியை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அன்றிலிருந்து ஒரு மூச்சைக்கூட எண்ணாமல் எழுதியதில்லை. நடுவில் யார் கூப்பிட்டாலும் விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்பாள். தோழிகளுக்கு அது போதாதா, பட்டம் கட்டிவிட்டார்கள்.

பதினைந்தாவது நேர்காணலுக்கு அழைப்பு வந்த அதே வாரம்தான் அண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலையில் இருந்தான். கடையில் ஒரு விற்பனைப் பெண் தேவைப்பட, முதலாளியிடம் தங்கைக்காகப் பேசிவிட்டான்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டார். ஃபிரேம் எடுத்துக் காட்டணும், அவ்வளவுதான்" என்றான்.

"நான் நர்ஸ் அண்ணா."

"யார் இல்லைன்னா? பதினோரு மாசமா வீட்டுக்குள்ள நர்ஸா இருக்கே. எனக்குத் தலைவலின்னா மாத்திரை தரே, சரி. ஆஸ்பத்திரிக்காரன் நம்பணுமே."

அம்மா தையல் மிஷினிலிருந்து நிமிரவில்லை. பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்தன. "சனிக்கிழமை அந்த நேர்காணலுக்குப் போயிட்டு வரட்டும். கிடைக்கலைன்னா கடைக்குப் போவா" என்றாள். அம்மாவும் அண்ணன் பக்கம் சாய்ந்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் எதிர்த்துப் பேச முடியுமா? பதினான்கு முறை இதே அம்மாதான் வெள்ளை உடுப்புக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள். "சரி" என்று மென்று விழுங்கினாள். கடைக்கு ஒருமுறை போய்விட்டால் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். வருஷம் கூடக் கூட, படித்தது பழசாகிவிட்டது என்று புதுக் காரணம் சொல்லுவார்கள்.

சனிக்கிழமை காலை அந்த மருத்துவமனை வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை நாலு பேருக்கு. நாற்பதில் ஒருத்தி அவளோடு படித்த 'ரேடியோ'. பேச ஆரம்பித்தால் நிறுத்தக் குமிழ் கிடையாது.

"எழுத்துத் தேர்வு கிடையாதாம்டீ. நேரா வார்டுக்கு அனுப்பறாங்களாம். அஞ்சு கட்டில், இருபது நிமிஷம், எல்லாம் பாத்து அட்டையில எழுதணுமாம். உனக்குத்தான் கஷ்டம். நீ ஒரு மூச்சுக்கே முகூர்த்தம் பாக்கறவ."

அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கட்டிலுக்கு நாலு நிமிஷம். அதில் மூச்சுக்கு மட்டும் ஒரு நிமிஷம் போய்விடும். மற்றவர்கள் அந்த நிமிஷத்தை மிச்சம் பிடிப்பார்கள்.

வார்டுக்குச் சிலராகப் பிரித்துவிட்டார்கள். அவளுடைய வார்டில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர், அதில் ரேடியோ ஒருத்தி. ரேடியோ பதின்மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்து, "சுலபம்டீ" என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். வாசலில் கடிகாரத்தோடு நின்ற, அந்த வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர், அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ம், ஆரம்பி" என்றார்.

முதல் மூன்று கட்டில்களும் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தன. நான்காவது கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகி மூன்று நாள் ஆனவர், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து கையைப் பிடிப்பதில் அவருக்கு ஏக குஷி.

"வாம்மா, மூணாவது டிரிப்பா... இந்தக் கையில... என்னதான் இருக்கு... எல்லாரும் பிடிச்சுப் பாக்கறீங்க."

"சும்மாதான் ஐயா."

காய்ச்சல் லேசாக இருந்தது. ரத்த அழுத்தம் பரவாயில்லை. நாடி நூற்றுப் பதினாறு. வலியால் இருக்கலாம். பிறகு அவர் மணிக்கட்டை விடாமலே கண்ணை மெல்ல மார்புக்குக் கொண்டுபோனாள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பது போலவே நின்றுதான் எண்ண வேண்டும். விநாடி முள் சுற்றி வந்தது. முப்பத்திரண்டு.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று கட்டிலில் தொங்கிய அவருடைய பழைய அட்டையைப் புரட்டினாள். நேற்றுக் காலை இருபது, மதியம் இருபது, சாயங்காலம் இருபது. இன்று காலையும் இருபது. மனுஷன் மூச்சு விடுகிறாரா, முத்திரை குத்துகிறாரா?

வாசலிலிருந்து சிஸ்டர், "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார். இப்போதே ஐந்தாவது கட்டிலுக்குப் போனால் முடித்துவிடலாம். கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. அப்போது கண்டக்டர், "போம்மா... நேரமாச்சு... நான் நல்லா... இருக்கேன்" என்றார். ஐந்து வார்த்தைக்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினார். அவர் நன்றாகப் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். நடுநடுவே நிற்பதை யாரும் கேட்கவில்லை.

அவள் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடி ஒரு முழு நிமிஷம். முப்பத்து மூன்று.

அட்டையில் எழுதிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். "சிஸ்டர், நாலாம் கட்டில் ஐயாவுக்கு மூச்சு முப்பத்து மூணு. டாக்டரைக் கூப்பிடணும்."

இன்சார்ஜ் சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். மேஜையில் இருந்த, அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேரின் அட்டைகளையும் பார்த்தார். "ரெண்டு பேரும் இருபதுன்னு போட்டிருக்காங்க. காலையில எங்க ஸ்டாஃபும் இருபதுதான். உனக்கு மட்டும் முப்பத்து மூணா? பதட்டத்துல எண்ணியிருப்பே. திருத்திக்கோ. அஞ்சாவது கட்டில் வேற பாக்கி, நேரம் போகுது."

பேனாவையும் அவரே நீட்டினார். நல்லவர்தான். பரீட்சைக்கு வந்த பெண் கெட்டுப்போக வேண்டாமே என்ற இரக்கத்தில்தான் நீட்டினார். அவளுக்குக் கண்ணாடிக் கடை கண்ணில் தெரிந்தது, அலமாரி அலமாரியாக ஃபிரேம்களோடு. அழுகை வந்தது. கோபமும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது.

"திருத்த மாட்டேன் சிஸ்டர். ரெண்டு தடவை எண்ணினேன். நம்பலைன்னா நீங்களே எண்ணிப் பாருங்க. ஒரு நிமிஷம்தான்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த மேட்ரன், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி, உள்ளே எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு நேராக நான்காவது கட்டிலுக்குப் போய், கண்டக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு ஒரு வருஷமாகப் போயிற்று. தப்பாக இருந்துவிட்டால்?

மேட்ரன் கையை எடுத்தார். "முப்பத்து நாலு" என்றார். "டாக்டரைக் கூப்பிடுங்க. ஆக்சிஜன் கொண்டு வாங்க, சீக்கிரம்."

விரல் நுனியில் மாட்டும் கருவி வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தேழுதான், தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும். டாக்டர் ஓடி வந்தார். முறிந்த காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம், உடனே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போதும் கண்டக்டர் முகமூடியை நகர்த்தி, "மூணாவது டிரிப்... சரியா வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இன்சார்ஜ் சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் இருபது நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. ஐந்தாவது கட்டிலின் அட்டை வெறுமையாகவே கிடந்தது.

மேட்ரன் முதல் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். முதலில் போனவள், எண்ணினேன் என்று சாதித்தாள். ரேடியோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எண்ணல மேடம். பேசிட்டே இருந்தாரு, இருபதுன்னு போட்டுட்டேன்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டே வாக்கியத்தோடு நிறுத்தினாள்.

மதியம் அவளை மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சாவது கட்டிலைக் காலியா விட்டிருக்கே" என்றார் மேட்ரன்.

"நேரம் முடிஞ்சுபோச்சு மேடம்."

"சும்மா பதினெட்டுன்னு போட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு தடவை அப்படிப் போட்டேன் மேடம். அந்தக் கட்டில்ல ஆளே இல்ல."

சொல்லிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலை கேட்டு வந்த இடத்தில் யாராவது இதைச் சொல்வார்களா? மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மெத்தைக் கதை முழுவதையும் கேட்டு வாங்கி இன்னொரு முறை சிரித்தார்.

"நாங்க எல்லாரும் போட்டிருக்கோம்" என்றார் கடைசியில். "நீ மாட்டிக்கிட்டே, அதனால கத்துக்கிட்டே." விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. எத்தனையோ இடங்களில் அவளை வெளியே தள்ளிய கட்டம். மேட்ரன் பேனாவை எடுத்து அதில் 'எண்ணத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடு. அதே வார்டுதான்."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஆள் இளைச்சுட்டே, உடுப்பு தொளதொளன்னு கிடக்கு, கழட்டிக் குடு" என்று இடுப்பில் இரண்டு தையல் பிடித்துக் கொடுத்தாள். அண்ணன் தலையைச் சொறிந்தான். "முதலாளிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"வேற ஆள் தரேன்" என்றாள் அவள்.

அப்படித்தான் ரேடியோ, அடுத்த நேர்காணல் வரும்வரை கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். ஒரு கண்ணாடி கேட்டு வந்தவர்கள் இரண்டு வாங்கிக்கொண்டு போனதாக அண்ணன் சொன்னான். அவள் பேச்சை நிறுத்த வேறு வழியில்லையாம்.

கண்டக்டர் பத்தாம் நாள் பழைய கட்டிலுக்கே திரும்பினார். இப்போது ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசினார், வார்டில் யாரையும் பேசவிடவில்லை. அன்று காலை அவள் ஐந்தாம் கட்டில்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் கண்டக்டரின் கையைப் பிடித்திருந்தார்.

வாசலிலிருந்து பெரிய டாக்டர், "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

இன்சார்ஜ் சிஸ்டர் திரும்பவில்லை. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்."

பெரிய டாக்டர் நின்றார். இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அந்தக் கூத்தில் எண்ணிக்கை தவறிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.