கடலுக்கு மேற்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெருங்களத்தூரில் நல்லபடியாக வளர்ந்தவர்கள் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குவார்கள். அந்த அடுக்ககத்தின் அசோசியேஷன் ஹாலில் மட்டும் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தார்கள். சூதாட்டம் என்றது ஏ பிளாக். பில்லி சூனியம் என்றது பி பிளாக். சி பிளாக்கில் இன்னும் யாரும் குடிவரவில்லை, இல்லாவிட்டால் அவர்களும் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

விஷயம் இரண்டுமில்லை. கணக்கு டீச்சர் ஹேமாவதி தன் மண்டைக்குள் ஒரு நாட்டையே கட்டி வைத்திருந்தாள். அதன் கதையை அவள் சொல்ல, மற்ற இருவரும் அதற்குள் ஆளுக்கொரு மந்திரவாதியாகப் புகுந்து "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். வளர்ந்தவர்கள் விளையாடும் விளையாட்டா என்று கேட்டால், சீரியல் பார்ப்பதை விட இது தேவலை.

சத்யப்ரியா இதில் மாட்டியது மீனால். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வந்து ஃபிளாட்களுக்கு மீன் கொடுப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹேமாவதி வீட்டு மேஜையில் பகடையைப் பார்த்து, "இது இன்னாக்கா, இத்தினி மூஞ்சி?" என்று கேட்டாள். கேட்டவள் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். குப்பத்தில் அவள் மாணிக்கவேல் பெண்டாட்டி. ஃபிளாட்டில் "மீன்காரம்மா". இந்த மேஜையில் மட்டும் செம்பவளம்: ஒரு தீவே எழுந்து நின்று கும்பிட்ட மந்திரக்காரி. செம்பவளத்தின் வித்தைகள், காயங்கள், சொத்து எல்லாம் ஒரு தாளில் இருந்தன. அந்தத் தாளில் இரண்டு இடத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அந்தத் தாளைத்தான் இன்றைக்குக் கிழிக்கப் போகிறார்களோ என்று அவள் அதைத் தன் பக்கமாகவே இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஹேமாவதியின் நாட்டில் மந்திரம் இரண்டு வகை. எல்லைக்காரர்கள் ஒரு இடத்துக்கு நான்கு எல்லையைச் சொல்லிக் கட்டினால், உள்ளே வேறு யார் மந்திரமும் செல்லாது. அலைக்காரர்களுக்கு ஏடும் கிடையாது, கோடும் கிடையாது. தண்ணீரைக் கூப்பிட்டுப் பேரம் பேச வேண்டும்; எதையாவது கொடுத்தால்தான் கடல் எதையாவது கொடுக்கும். இரு தரப்பும் மற்றதைப் போலி என்றே ஏசும். இன்று துறைமுகத்தில் கடைசிச் சண்டை. தோற்றவர் தாள் கிழியும், அந்த மந்திரவாதி திரும்பி வரமாட்டார் என்று போன வாரமே பேசி முடித்தாயிற்று.

எல்லைக்காரர் யார் என்று கேட்கவே வேண்டாம். ஜீவானந்தம்தான். இந்த அடுக்ககம் நிற்பதே அவர் தாத்தா நெல் போட்ட நிலத்தில். மனிதர் கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இலைக்கு நான்கு பக்கமும் யார் என்று பார்த்துக்கொள்வார்.

"பௌர்ணமி. துறைமுக மணல்ல ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கறீங்க. செம்பவளத்துக்குப் பின்னாடி பத்தடியில கடல்," என்று ஆரம்பித்தாள் ஹேமாவதி. பௌர்ணமி என்றால் சீன் அழகாயிருக்கும் என்பது அவள் எண்ணம்.

ஜீவானந்தம் பகடையை உருட்டினார். பத்தொன்பது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கு, கரும்பாறைக்கு வடக்கு, பனந்தோப்புக்குக் கிழக்கு, கடலுக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட இடம் பூராவும் கட்டினேன்! ஏம்மா சத்யா, தாள எடு. நானே கிழிக்கிறேன், ஒனக்கு மனசு வராது."

"இருண்ணா. கல்யாணத்துக்கு முன்னாடியே மொய் எழுதாத."

"செம்பவளம் உள்ள மாட்டிட்டா சத்யா. எந்த மந்திரமும் ஒர்க் ஆகாது," என்றாள் ஹேமாவதி, பாவமாக. "என்ன பண்றா?"

சத்யப்ரியா தாளைப் பார்த்தாள். செதிலைப் பார்த்தாள். பிறகு, "அக்கா, மணி இன்னா ஆவுது?" என்றாள்.

"மூணே முக்கால்."

"ஐயே, இங்க இல்லக்கா. துறைமொவத்துல."

"அங்கயா? நிலா இப்பதான் எழும்புது."

"அப்ப தண்ணி ஏறிகினு கீது. பௌர்ணமிக்குப் படகையே மேல இழுத்துக் கட்டுவோம், தெரியுமா? செம்பவளம் ஒண்ணும் பண்ல. நின்ன எடத்துலயே நிக்கிறா."

"நின்னுகினு?" என்றார் ஜீவானந்தம்.

"நிக்கிறா, அவ்ளோதான். தண்ணி காலுக்கு வருது. முட்டிக்கு வருது. நீ கடலுக்கு மேற்குன்னு தானேண்ணா கட்டுன? இப்ப அவ கடலுக்குள்ள நிக்கிறா. ஒன் எல்லைக்கு வெளிய."

ஜீவானந்தம் மேஜையைத் தட்டினார்.

"அதெப்படி! நான் சொன்னப்ப கடல் எங்க இருந்துச்சோ அதான் எல்லை!"

"கடல் இன்னா ஒன் காம்பவுண்டு சொவரா, நின்ன எடத்துலயே நிக்க?"

ஹேமாவதிக்கு இப்படி ஒரு கணக்கு வந்ததே இல்லை. அவள் விதிநோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அசோசியேஷன் செக்ரட்டரி தட்சிணாமூர்த்தி. ஹாலைப் பூட்ட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, வெளியே நின்று ஒட்டுக்கேட்டவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர்.

"சார், நீங்களே சொல்லுங்க!" என்று ஜீவானந்தம் பாய்ந்தார், தன் ஆள் வந்துவிட்ட தெம்பில். நான்கெல்லையையும் மறுபடி ஒப்பித்தார்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடலுக்கு மேற்கா? யாருய்யா இதை எழுதினது?"

"நான்தான் சார்."

"ஏரியை எல்லையாப் போட்டு உங்கப்பா எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாரே, அப்பவும் புத்தி வரலையா? தண்ணி நகரும். அதோட எல்லையும் நகரும். அந்தம்மா சொல்றது சரி."

ஜீவானந்தம் உட்கார்ந்தார். சத்யப்ரியா காத்திருக்கவில்லை. செம்பவளத்தின் முத்துமாலையைக் கடலுக்குக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரே ஒரு பெரிய அலை கேட்டாள். பகடை பதினாறில் நின்றது. கலங்கரை விளக்கத்தோடு சேர்த்து எல்லைக்காரரையும் அலை அடித்துக்கொண்டு போனது.

"ஒரு வார்த்தையில போச்சே," என்று முனகியபடியே ஜீவானந்தம் தன் தாளைத் தானே நான்காகக் கிழித்தார். கிழிப்பதிலும் நேர்கோடு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சங்கரா மீனு ரெண்டு கிலோ வெச்சிருக்கியா? வூட்ல இன்னா சொல்றது, தோத்துட்டேன்னா?"

"எடுத்து வெச்சுட்டேண்ணா, காலைலயே."

தட்சிணாமூர்த்தி ஹாலைப் பூட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹேமாவதியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார்.

"எதுக்கு சார்?"

"இந்த எல்லைக்கார வேலையை ஒழுங்கா ஒருத்தன் செய்ய வேண்டாமா?" என்று பேனாவைத் திறந்தார். "பௌர்ணமியன்று கடல் ஏறி நிற்கும் அதிகபட்சக் கோட்டுக்கு மேற்கு..."

சத்யப்ரியா செம்பவளத்தின் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அமாவாசைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று வீட்டுக்குப் போனதும் மாணிக்கவேலிடம் கேட்டு வைக்க வேண்டும்.